சிறிய ஃபோர் பை ஃபோர் வாகனத்திற்கு எத்தனை பவுண்டு வின்ச் பொருத்தலாம்? எடை முதல் பேட்டரி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரை விட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும்; உலு யாம், உலு லங்காட், ஜண்டா பாய்க் ஆகிய ஊர்களின் பின்புறத்தில், செம்பனைத் தோட்டங்களையும் பழைய மரவெட்டுச் சாலைகளையும் ஒட்டிச் செல்லும் செம்மண் தடங்களை அடைந்துவிடலாம். வெயில் காயும் காலையில் எளிதாக ஏறிவிடக்கூடிய அந்தத் தடங்கள், மாலையில் இடியுடன் ஒரு மழை கொட்டியதும் களிமண் குழம்பாக மாறி, நல்ல டயர் பூட்டிய வண்டியையும் அச்சு வரை இழுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் துணை வண்டி அருகில் இல்லையென்றால், முன் பம்பரில் இருக்கும் வின்ச், அதாவது மோட்டாரால் வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி, ஒன்றுதான் வெளியே வர வழி.

2021-இல் மலேசியாவில் புதிய சுசுகி ஜிம்னி விற்பனைக்கு வந்த பிறகு, சிறிய வாகனத்துடன் காட்டுத் தடங்களுக்கு வருவோர் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் பொருத்துபவரிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பவுண்டு வின்ச் போடலாம் என்பதுதான். கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகை. சின்ன வண்டிதானே, 4,500 போதும் என்பது ஒன்று. 12,000 போட்டுவிடுங்கள், பிறகு கவலையே இல்லை என்பது மற்றொன்று. முதல் பதில் சேற்றின் பிடியைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது பதில் வண்டியின் மூக்கையும் பேட்டரியையும் கணக்கில் எடுப்பதில்லை. சரியான அளவு இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அதைக் கடைக்காரரின் ஊகத்திற்கு விடாமல், கையில் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நாமே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பவுண்டு எண், அந்த வின்ச் எப்போதும் தரும் இழுவை அன்று. வடம் சுற்றும் உருளையான டிரம்மில் ஒரே ஓர் அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது, முழு மின்னழுத்தம் கிடைக்கும்போது, நேர்க்கோட்டில் இழுக்கும்போது அது எட்டக்கூடிய உச்சம்தான் அந்த எண். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த உச்சத்திலிருந்து எவ்வளவு குறைகிறது என்பதைப் பற்றியதே.

முதற்படி: வண்டியை நிறுத்துப் பார்த்தல்

கையேட்டில் உள்ள வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. புதிய ஜிம்னியின் வெற்று எடை சுமார் 1,100 கிலோ. ஆனால் காட்டுக்குப் போகும் ஜிம்னி அந்த எடையில் இருப்பதில்லை. இரண்டு பெரியவர்கள், இரும்பு பம்பர், வின்ச், பெரிய டயர், ஷாக்கிள்கள் எனப்படும் இணைப்பு வளையங்களும் மரத்தில் சுற்றும் நாடாப் பட்டைகளும் நிறைந்த மீட்புப் பை, கருவிப்பெட்டி, தண்ணீர், கூடாரம், குளிர்பெட்டி என்று ஏற்றிப் பாருங்கள்; தயாரிப்பாளர் அனுமதிக்கும் மொத்த எடையான 1,435 கிலோவை மிக எளிதாகத் தொட்டுவிடும். கூரையில் தாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தாண்டியும் இருப்பார்கள்.

பழைய சுசுகி எஸ்ஜே410 வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த வண்டி பிறக்கும்போது ஒரு டன்னுக்கும் குறைவு. ஆனால் இன்று தடங்களில் ஓடும் எஸ்ஜே410-களில் பல, எஞ்சின் மாற்றி, உருள்கூண்டு வைத்து, அச்சும் மாற்றியவை. அவற்றின் எடையைக் கையேடு சொல்லாது.

ஆகவே, காட்டுக்குப் போகும் நாளில் ஏற்றும் அத்தனை பொருளையும் ஏற்றி, எரிபொருளை நிரப்பி, ஆட்களையும் உட்காரவைத்து ஒருமுறை எடை மேடையில் நிறுத்துங்கள். லாரிகளை நிறுக்கும் எடை மேடை பழைய இரும்பு வாங்கும் கிடங்குகளில் இருக்கும். சிறு கட்டணத்திற்கு நிறுத்துத் தருபவர்கள் உண்டு. அந்த மேடைகள் பாரமான லாரிகளுக்காக அமைந்தவை என்பதால் சில கிலோ முன்பின் இருக்கலாம். நம் கணக்குக்கு அது போதும். முடிந்தால் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி, முன் அச்சு தாங்கும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

எடை மேடை கிலோவில் சொல்லும். வின்ச் பவுண்டில் பேசும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2.2 பவுண்டு. 1,435 கிலோ என்பது 3,164 பவுண்டு.

இரண்டாம் படி: ஒன்றரை மடங்கு விதி

உலகெங்கும் வழக்கில் உள்ள விதி எளிமையானது: ஏற்றிய வண்டியின் மொத்த எடையை ஒன்றரையால் பெருக்கு, வரும் எண்ணுக்குக் குறையாத வின்ச்சை வாங்கு. நம் ஜிம்னிக்கு அது 2,152 கிலோ, அதாவது 4,745 பவுண்டு. இந்தக் கணக்கின்படி 5,000 பவுண்டு வின்ச் தகுதி பெற்றுவிடுகிறது.

இந்த விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைத் தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டும். வறண்ட, கல்லும் மணலும் உள்ள நிலத்தில் அது தாராளமான விதி. நம் நாட்டு ஈரக் களிமண்ணில் அது மிகக் குறைந்தபட்சம்.

மூன்றாம் படி: சேறும் மேடும் கேட்கும் விலை

வண்டியை நகர்த்தத் தேவைப்படும் இழுவிசை நிலத்தைப் பொறுத்தது. தார்ச்சாலையில் நியூட்ரலில் நிற்கும் வண்டியை நகர்த்த, அதன் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு விசை போதும் என்று மீட்புப் பயிற்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். புல்தரையில் அது ஏழில் ஒரு பங்கு. இளகிய மணலில் நான்கில் ஒரு பங்கு. இவையெல்லாம் சக்கரம் நிலத்தின் மேல் உருளும் நிலையில் உள்ள கணக்குகள். சக்கரம் நிலத்திற்குள் புதைந்துவிட்டால் கதை வேறு.

அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புப் பயிற்சியில் இதற்கு ஒரு தெளிவான கணக்கு கற்பிக்கப்படுகிறது. சக்கர ஆழத்திற்குப் புதைந்த வண்டியை எடுக்க, ஏற்றிய எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மட்கார்டு ஆழம் வரை புதைந்தால் எடையைப் போல் இரண்டு மடங்கு. ஓட்டுநர் கூடம் வரை புதைந்தால் மூன்று மடங்கு. சேறு வண்டியின் அடிப்பாகத்தில் ஒட்டி உறிஞ்சிப் பிடிப்பதும், முன்னால் குவியும் மண்ணைத் தள்ளிக்கொண்டே வர வேண்டியிருப்பதும் சேர்ந்துதான் இந்த மடங்குகளை உண்டாக்குகின்றன. களிமண்ணில் முழங்கால் வரை இறங்கி, காலை உருவும்போது காலணி உள்ளேயே தங்கிவிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த உறிஞ்சல் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

இதன் மேல் மேடு சேரும். 45 பாகை வரையிலான சரிவுக்கு, ஒவ்வொரு பாகைக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். 20 பாகை மேட்டுக்கு எடையில் மூன்றில் ஒரு பங்கு. தோட்டத்துச் சாலைகளில் 20 பாகை என்பது அரிதான சரிவு அன்று.

நம் 1,435 கிலோ ஜிம்னி, 20 பாகை மேட்டில், சக்கர ஆழத்திற்குப் புதைந்து நிற்கிறது என்று வையுங்கள். சேற்றுக்கு 1,435 கிலோ, மேட்டுக்கு 478 கிலோ, ஆக 1,913 கிலோ; பவுண்டில் சுமார் 4,220. அதே மேட்டில் மட்கார்டு வரை புதைந்தால் 3,348 கிலோ. பவுண்டில் சுமார் 7,380. சக்கரங்களை மெதுவாகச் சுழற்றி வின்ச்சுக்கு உதவினாலோ, சக்கரத்தின் முன்னால் மண்வெட்டியால் வெட்டி வழி செய்துகொடுத்தாலோ இந்த எண்கள் கணிசமாகக் குறையும். மண்வெட்டி எடுத்துச் செல்லாமல் வின்ச்சை மட்டும் நம்பிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பத்து நிமிட மண்வேலை பல நூறு கிலோ இழுவையை மிச்சப்படுத்தும்.

4,220, 7,380 என்னும் இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். இனிமேல் எந்த வின்ச்சையும் இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

நான்காம் படி: டிரம்மில் உள்ள அடுக்குகள்

பெரும்பாலானோர் தவறவிடும் இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வின்ச்சின் மோட்டார், பல்சக்கரங்களின் வழியே டிரம்மைத் திருகுகிறது. டிரம்மில் வடம் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்க, மேல் அடுக்கு மையத்திலிருந்து தள்ளிப்போகிறது. திருகுவிசை மாறாமல் இருந்து, ஆரம் மட்டும் கூடினால், வடத்தில் கிடைக்கும் இழுவை அந்த அளவுக்குக் குறையும். இது எந்தத் தயாரிப்பாளராலும் தப்பிக்க முடியாத இயற்பியல். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வோர் அடுக்கிலும் கிடைக்கும் இழுவையைக் கையேட்டில் அட்டவணையாகத் தருகிறார்கள். அட்டவணை இல்லாத வின்ச்சை வாங்காமல் இருப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். டிரம்மின் விட்டம் 63 மி.மீ., வடத்தின் தடிமன் 8 மி.மீ., டிரம்மின் அகலத்தில் 22 சுற்றுகள் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அடியிலுள்ள முதல் அடுக்கில் ஏறத்தாழ 5 மீட்டர் வடம் இருக்கும். இரண்டாவதில் 6, மூன்றாவதில் 7, மேலே உள்ள நான்காவதில் 8 மீட்டர். மொத்தம் 26 மீட்டர். பெட்டியில் 6,000 பவுண்டு என்று எழுதியிருந்தால் அது அடி அடுக்குக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் அடுக்கில் சுமார் 4,900 பவுண்டு, மூன்றாம் அடுக்கில் 4,140, நான்காம் அடுக்கில் வெறும் 3,580 பவுண்டு மட்டுமே கிடைக்கும்.

முழு இழுவை கிடைக்கும் அந்த முதல் அடுக்கையும் நாம் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. வடம் டிரம்மிலிருந்து பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்க, எஃகு வடமானால் 5 சுற்றும், செயற்கை இழைக் கயிறானால் 10 சுற்றும் எப்போதும் டிரம்மில் மிஞ்சியிருக்க வேண்டும். ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை நாம் நடைமுறையில் சந்திப்பது கடைசி மூன்று, நான்கு மீட்டரில்தான்.

இப்போது நம் காடுகளை நினைத்துப் பாருங்கள். பாலைவனத்தில் நங்கூரத்திற்கு மரம் தேடி அலைய வேண்டும். இங்கே ஆறேழு மீட்டரிலேயே மரம் நிற்கிறது. அருகில் மரம் கிடைப்பதை வசதி என்று நினைக்கிறோம். உண்மையில் அதுவே வின்ச்சை அதன் மிகப் பலவீனமான அடுக்கில் வேலை செய்ய வைக்கிறது.

உலு யாம் பக்கம், ஒரு தோட்டத்தின் பின்மேட்டில் இதை நேரில் பார்த்தேன். 6,000 பவுண்டு வின்ச் பூட்டிய ஜிம்னி ஒன்று சக்கர மையம் வரை புதைந்திருந்தது. முன்னால் ஏழு மீட்டரில் இருந்த மரத்தில் பட்டையைச் சுற்றி வடத்தை மாட்டியிருந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் வடம் விறைத்தது. மோட்டாரின் ஒலி மெல்ல மெல்லத் தாழ்ந்து முனகலாயிற்று. முன்விளக்குகள் மங்கி மஞ்சளடித்தன. சேற்றுக்குள் இருந்த சக்கரத்தைச் சுற்றி ஓரிரு குமிழிகள் வந்ததோடு சரி. வண்டிக்காரரான இளைஞர், வின்ச் பழுது என்றே முடிவு கட்டிவிட்டார். கூட வந்திருந்த மூத்தவர் ஒருவர் குனிந்து டிரம்மைப் பார்த்துவிட்டு, “தம்பி, வின்ச்ச குறை சொல்லாதீங்க. டிரம்ல எவ்வளவு கயிறு மிச்சம் இருக்குன்னு பாருங்க” என்றார். பட்டையைக் கழற்றி, அதே நேர்க்கோட்டில் மேட்டின் மேலே பதினெட்டு மீட்டர் தள்ளி நின்ற இன்னொரு மரத்திற்குக் கொண்டுபோய் மாட்டினார்கள். அதே வின்ச், அதே பேட்டரி. சேறு வண்டியை விட்டுவிடும் அந்தக் கொழகொழத்த ஓசையுடன் ஜிம்னி மேலே ஏறியது.

நம் கணக்கோடு இதை ஒப்பிட்டால் எல்லாம் தெளிவாகும். தேவை 4,220 பவுண்டு. ஏழு மீட்டர் வடம் வெளியே இருந்தபோது வின்ச் இன்னும் நான்காம் அடுக்கில் நின்று 3,580 பவுண்டுதான் தந்தது. பதினெட்டு மீட்டர் வெளியே போனதும் இரண்டாம் அடுக்குக்கு இறங்கி 4,900 தந்தது.

ஐந்தாம் படி: கப்பியைக் கணக்கில் சேர்த்தல்

ஸ்னாட்ச் பிளாக் என்று கடைகளில் கிடைக்கும் பக்கம் திறக்கும் கப்பி, கிணற்றுக் கப்பியைப் போன்ற எளிய பொருள்தான். மரத்தில் அதை மாட்டி, வடத்தை அதன் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து வண்டியின் சட்டகத்திலேயே கொக்கியைப் பூட்டினால், வண்டியை இரண்டு வடங்கள் இழுக்கின்றன. உராய்வில் பத்தில் ஒரு பங்கு போனாலும், கிடைப்பது ஏறத்தாழ 1.8 மடங்கு. இழுக்கும் வேகம் பாதியாகக் குறையும். சேற்றில் அது நன்மையே.

பலர் கவனிக்காத இரண்டாவது பலனும் உண்டு. மரம் பத்து மீட்டரில் இருந்தால், இரட்டை வடத்திற்கு இருபது மீட்டர் வெளியே போகும். அதாவது வின்ச் தானாகவே கீழ் அடுக்குக்கு இறங்கிவிடும். 6,000 பவுண்டு வின்ச்சுக்கு, பத்து மீட்டரில் ஒற்றை வடத்தில் கிடைப்பது 4,140 பவுண்டு. அதே மரத்தில் கப்பி போட்டால், இரண்டாம் அடுக்கின் 4,900 பவுண்டு 1.8 மடங்காகி, சுமார் 8,800 பவுண்டு ஆகிறது. மட்கார்டு வரை புதைந்த வண்டி கேட்கும் 7,380-ஐ அது தாண்டிவிடுகிறது. அருகருகே மரங்கள் நிற்கும் நம் காட்டிற்குக் கப்பியைப் போல் பொருத்தமான துணைக்கருவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். பெரிய வின்ச்சுக்காகக் கூடுதலாகச் செலவிட எண்ணும் பணத்தில் முதலில் ஒரு நல்ல கப்பியை வாங்குங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: கப்பி தொங்கும் மரமும், பட்டையும், அதன் ஷாக்கிளும் ஏறத்தாழ இரண்டு மடங்கு விசையைத் தாங்குகின்றன. 8,800 பவுண்டு என்பது 4 டன். 19 மி.மீ. தடிமனுள்ள, 4.75 டன் என்று அச்சுப் பதித்த ஷாக்கிளை அங்கே பயன்படுத்துங்கள், 16 மி.மீ. ஷாக்கிளின் 3.25 டன் போதாது. செம்பனைக்கு ஆணிவேர் கிடையாது. மழையில் ஊறிய நிலத்தில் அதை நங்கூரமாக நம்புவது ஆபத்து. ரப்பர்ப் பால்மரமானால், அகலமான நாடாப் பட்டை இல்லாமல் வடத்தை நேரே சுற்றவே கூடாது. பால் வெட்டும் மரப்பட்டை காயப்பட்டால் அந்த மரத்தின் பால் போய்விடும்; நம்மில் பலருடைய தாத்தா பாட்டி அந்த மரப்பட்டையை நம்பித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

ஆறாம் படி: கடையில் கிடைக்கும் அளவுகளுள் தேர்வு

4,500 பவுண்டு வின்ச்சுகள் பெரும்பாலும் ஏடிவி, யுடிவி எனப்படும் சிறிய, திறந்த காட்டு வாகனங்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. மோட்டார் சிறியது, வடம் மெலிது, விரைவில் சூடாகும். நம் அடுக்குக் கணக்கின்படி இரண்டாம் அடுக்கிலேயே 3,700 பவுண்டுக்கு இறங்கிவிடும். ஜிம்னிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

6,000 பவுண்டு, நண்பர்களின் வண்டிகளோடு சேர்ந்து, மிதமான தடங்களில் ஓட்டுபவருக்குப் போதுமானது. ஆனால் கப்பியும் அதைப் பயன்படுத்தும் பழக்கமும் கூடவே இருக்க வேண்டும். எடை குறைவு என்பதே இதன் பெரிய நன்மை.

8,000 பவுண்டுதான் சிறிய வாகனத்திற்கு மிகப் பொருத்தமான அளவு என்பது என் முடிவு. அதே டிரம் அளவை வைத்துக் கணக்கிட்டால், நான்காம் அடுக்கிலும் 4,770 பவுண்டு தரும். அதாவது அருகிலுள்ள மரத்தில் நேரடியாக மாட்டினாலும், சக்கர ஆழச் சேற்றிலிருந்து 20 பாகை மேட்டில் வண்டியை எடுத்துவிடும். கப்பி போட்டால் மட்கார்டு ஆழத்திற்கும் மிச்சம் இருக்கும். 1974-இல் வெளிவந்து, கனரகப் பயணங்களில் இன்றும் பெயர் சொல்லப்படும் வார்ன் 8274 வின்ச்சின் திறனும் 8,000 பவுண்டுதான். ஜிம்னியைவிட மிகப் பாரமான வண்டிகளின் முகப்பில் அது வேலை செய்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், சிறிய வண்டிக்கு இதற்கு மேல் போக அவசரப்பட வேண்டியதில்லை என்பது புரியும்.

கோலாலம்பூர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 9,500 பவுண்டு. 8,000 கிடைக்கவில்லையென்றால், செயற்கை இழைக் கயிறு பூட்டிய 9,500-ஐ எடுக்கலாம். மோட்டார் தன் திறனில் பாதியில் வேலை செய்வதால் சூடாகாமல் நெடுநேரம் உழைக்கும். 12,000 பவுண்டு ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களுக்கு உரியது. 1997 முதல் மலேசியாவில் மழைக்காலத்தை நாடி நடத்தப்படும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் சிறிய வண்டிகளிலும் முன்னும் பின்னும் பெரிய வின்ச்சுகளைப் பார்க்கலாம். அவை சட்டகம், ஸ்பிரிங், மின்னமைப்பு எல்லாம் மாற்றிக் கட்டப்பட்ட போட்டி வண்டிகள். வார நாளில் அலுவலகத்திற்கும் ஓடும் வண்டிக்கு அவை அளவுகோல் ஆகா.

ஏழாம் படி: மூக்கின் மேல் விழும் பாரம்

எஃகு வடத்துடன் கூடிய 9,500 பவுண்டு வின்ச் 40 கிலோவை நெருங்கும். செயற்கை இழைக் கயிறு பூட்டினால் ஏறத்தாழ 10 கிலோ குறையும். வின்ச், பம்பர், தாங்கி மூன்றும் சேர்ந்து 60 கிலோ என்று கொள்வோம். ஜிம்னியின் சக்கர இடைத்தூரம் 2,250 மி.மீ. மட்டுமே. முன் அச்சுக்கு 700 மி.மீ. முன்னால் 60 கிலோ தொங்கினால், நெம்புகோல் கணக்கின்படி முன் அச்சின் மேல் கிட்டத்தட்ட 79 கிலோ கூடுகிறது; பின் அச்சிலிருந்து 19 கிலோ குறைகிறது. முன் ஸ்பிரிங் தாழ்கிறது, செங்குத்தான இறக்கத்தில் பின்பக்கம் தூக்குகிறது. முதற்படியில் குறித்து வைத்த முன் அச்சு எடையோடு இதைக் கூட்டி, தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் ஏறினால் முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியிருக்கும்.

தாங்கித் தட்டு சட்டகத்தின் இரண்டு நீள்சட்டங்களிலும் போல்ட்டால் இறுக்கப்பட வேண்டும்; பம்பரின் தகட்டில் மட்டும் பூட்டித் தருபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை வின்ச் மறைக்கிறதா, முன் உணரிகளும் ஏர்பேக்கும் பாதிக்கப்படுமா என்பதைப் பொருத்துபவரிடம் தெளிவாகக் கேளுங்கள். பம்பரை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் விதிகளையும், உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் நிலைப்பாட்டையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

எட்டாம் படி: மின்சாரம் தாங்குமா?

வின்ச் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்கு உயிர் கொடுப்பது பேட்டரி. முழுச் சுமையில் 9,500 பவுண்டு வின்ச் 400 ஆம்பியர் வரை கேட்கும். சிறிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் தருவது பெரும்பாலும் 100 ஆம்பியருக்குக் கீழ். எஞ்சிய 300-க்கும் மேற்பட்ட ஆம்பியரைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். நிமிடத்திற்கு 5 ஆம்பியர்-மணிக்கு மேல் வடிகிறது. 40 ஆம்பியர்-மணி என்று எழுதிய பேட்டரி, மெதுவாக எடுத்தால்தான் அந்த அளவைத் தரும். இப்படி வாரி எடுத்தால் அதைவிடக் குறைவாகவே தரும். வின்ச் தயாரிப்பாளர்கள் 650 குளிர்-தொடக்க ஆம்பியருக்கு (குளிரில் எஞ்சினைக் கிளப்பப் பேட்டரி தரக்கூடிய மின்னோட்டம், சிசிஏ) குறையாத பேட்டரியைக் கேட்கிறார்கள். ஜிம்னியோடு வரும் சிறிய பேட்டரி அந்த வகையைச் சேர்ந்ததன்று. பேட்டரித் தட்டில் இடம் பார்த்து, பெரியதாக ஒன்று வைத்தே ஆக வேண்டும்.

கம்பியின் தடிமனும் இழுவையைத் தின்னும். பேட்டரியிலிருந்து வின்ச் வரை போகவர 4 மீட்டர் செம்புக் கம்பி, 400 ஆம்பியர் என்று வைத்தால், 25 சதுர மி.மீ. கம்பியில் 1.1 வோல்ட்டும், 35 சதுர மி.மீ. கம்பியில் 0.8 வோல்ட்டும் வழியிலேயே தொலைகின்றன. எர்த் கம்பியைச் சட்டகத்தில் இறுக்கி முடித்துவிடாமல், நேரே பேட்டரியின் எதிர்முனைக்கே கொண்டுபோங்கள். பேட்டரிக்கு அருகில் ஒரு துண்டிப்பு ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும்.

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. நிலைகாந்த மோட்டார் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும், ஆனால் விரைவில் சூடேறும். தொடர்சுற்று மோட்டார் அதிகம் கேட்கும், பாரமான இழுப்பில் தாக்குப்பிடிக்கும். எதுவானாலும் ஒரு நிமிடம் இழுத்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும். அந்த இடைவெளியில் எஞ்சினைச் சற்று உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டால் பேட்டரியும் மீளும்.

ஒன்பதாம் படி: எஃகு வடமா, செயற்கை இழைக் கயிறா?

சிறிய வாகனத்திற்குச் செயற்கை இழைக் கயிறே பொருத்தம்: எடை குறைவு, அறுந்தால் எஃகைப் போல் சாட்டையாக வீசாது, துரு இல்லை. ஆனால் டைனிமா போன்ற இழைகள் 150 பாகை செல்சியஸை நெருங்கும்போது உருகுபவை; அதற்கு வெகு முன்பே வலு இழக்கத் தொடங்கும். பிரேக்கானது, வடம் சுற்றும் டிரம்முக்குள்ளேயே அமைந்த வின்ச்சில், வண்டியை மேட்டிலிருந்து வின்ச்சால் இறக்கும்போது டிரம் கொதிக்கும்; அடி அடுக்கு கெட்டுப்போகும். ஆகவே பிரேக்கானது அந்த டிரம்முக்கு வெளியே உள்ள மாதிரியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வெப்பம் தாங்கும் உறையிட்ட கயிற்றைக் கேளுங்கள். செம்மண் துகள் இழைகளுக்குள் புகுந்து அறுக்கும் என்பதால், ஒவ்வொரு பயணத்திற்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கயிற்றைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். முன்வாயில், எஃகு வடத்திற்கு உருளை வழிகாட்டி, இழைக் கயிற்றுக்கு மழமழப்பான அலுமினிய வழிகாட்டி. பழைய உருளையில் வடத்தின் பிசிறு கீறிய தடம் இருந்தால் அதில் புதுக் கயிற்றை ஓட்டக் கூடாது.

பொருத்திய பின் முதல் வேலை

பெட்டியிலிருந்து வரும் வடம் டிரம்மில் தளர்வாகவே சுற்றப்பட்டிருக்கும். அப்படியே காட்டுக்குக் கொண்டுபோய் இழுத்தால், மேல் அடுக்கு கீழ் அடுக்குகளுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். மெல்லிய சரிவுள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வடத்தை டிரம்மில் 10 சுற்று மிஞ்சும் வரை வெளியே விட்டு, மேலே ஓர் உறுதியான நங்கூரத்தில் மாட்டி, வண்டியை நியூட்ரலில் வைத்து, பிரேக்கை இலேசாக மிதித்தபடி 500 பவுண்டுக்குக் குறையாத இழுவிசையில் நெருக்கமாகச் சுற்றி எடுங்கள். தடித்த கையுறை அணிந்த ஒருவர் விலகி நின்று சுற்று சீராக விழுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வடத்தின் மேல் ஒரு கனத்த துணியோ தணிப்புப் பையோ போட்டிருக்க வேண்டும். வடத்தைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது.

அதே நேரத்தில் செய்துகொள்ள வேண்டிய சிறிய வேலை இன்னொன்று. உங்கள் வின்ச்சில் ஒவ்வோர் அடுக்கும் எத்தனை மீட்டரில் முடிகிறது என்று அளந்து, அந்த இடங்களில் கயிற்றின் மேல் வெவ்வேறு நிறத்தில் நூலைச் சுற்றித் தைத்துவிடுங்கள். நாம் கணக்கிட்ட டிரம்மில் அது கொக்கியிலிருந்து 8, 15, 21 மீட்டராக அமையும். மழையில், இருட்டில், சேற்றுக்குள் நின்றுகொண்டு மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த நிற நூல் வழிகாட்டியைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தாலே, அந்த நொடியில் வின்ச் எத்தனை பவுண்டு தரும், கப்பியை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.